எளிமைக்கு என்ன விலை? சண்டை வீடியோ கேம்கள் குறித்து வாசகர் கேள்விகள்

2023 ஜூன் மாதம் வெளிவந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’, பழகிய ஆட்டக்காரர்களுக்கு ‘கிளாசிக்’ என்ற ஆறு பொத்தான் முறையையும், புதியவர்களுக்கு ‘மாடர்ன்’ என்ற எளிய முறையையும் ஒரே ஆட்டத்துக்குள் வைத்தது. இவ்விரு முறைகளில் ஆடுவோரும் ஒருவரோடொருவர் மோதலாம். இது குறித்தும், சண்டை விளையாட்டுகளைப் புதியவர்களுக்கு எளிதாக்குவது குறித்தும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: என் அண்ணனும் அவருடைய நண்பர்களும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆடுகிறார்கள். நானும் கற்றுக்கொள்ள முயன்றேன். ஒரு நெருப்புப் பந்தை எறிவதற்கே விரல்கள் படாத பாடு படுகின்றன. இதை ஒரே பொத்தானில் வைத்துவிட்டால் யாருக்கு என்ன நட்டம்?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: நட்டம் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால்தான், அந்த நட்டத்தை ஏற்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியும்.

நீங்கள் திணறிய ‘ஹடோக்கென்’ என்ற நெருப்புப் பந்துக்கு, ஸ்டிக்கைக் கீழே தொடங்கிக் கீழ்-முன் மூலை வழியாக முன்பக்கம் உருட்டி, குத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். ‘ஷோர்யுகென்’ என்ற மேல்நோக்கிய குத்துக்கு முதலில் முன்பக்கம், பிறகு கீழே, பிறகு கீழ்-முன் மூலை என்று தள்ள வேண்டும். பார்ப்பதற்கு இவை வேண்டுமென்றே வைத்த தடைகளைப் போலத் தோன்றும். ஆனால், இந்த விளையாட்டில் எதிரியின் அடியைத் தடுப்பதற்கு ஸ்டிக்கைப் பின்பக்கம் பிடித்திருக்க வேண்டும் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஷோர்யுகென் அடிக்க நினைப்பவர் முன்பக்கம் தள்ளித் தொடங்கியாக வேண்டும். அதாவது, அந்தக் கணத்தில் தன் தடுப்பைக் கைவிட்டாக வேண்டும். எதிரி தாவி வருவார் என்று தான் கணித்தது தவறானால், அதற்கான அடியை அவர் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

கைல் என்ற பாத்திரத்தை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகப் புரியும். அவருடைய ‘சோனிக் பூம்’ தாக்குதலுக்கு, ஏறத்தாழ முக்கால் நொடி பின்பக்கம் பிடித்திருந்து, பிறகு முன்பக்கம் தள்ளிக் குத்த வேண்டும். ஆகவே, அவர் முன்னேறி நடந்துவரும்போது அவரிடம் அந்த ஆயுதம் இல்லை என்று எதிரிக்குத் தெரியும். அவர் பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் ஆயுதம் தயாராக இருக்கிறது என்றும் தெரியும். ஸாங்கீஃப் என்ற மல்லரின் பெரும்பிடிக்கு ஸ்டிக்கை முழு வட்டமாகச் சுழற்ற வேண்டும். அந்த வட்டத்தில் மேல்திசையும் அடங்குவதால், நின்ற இடத்திலிருந்து சுழற்றினால் அவர் தாவிவிடக்கூடும். எனவே, அதை வேறோர் அசைவுக்குள் ஒளித்துச் செய்யும் வழியை அவரை ஆடுகிறவர்கள் பழகிக்கொண்டார்கள். மிக வலிமையான அந்தப் பிடியை எந்த நேரத்திலும் கையில் வைத்திருக்க முடியாதபடி அந்த வட்டமே கட்டுப்படுத்தியது.

இவற்றையெல்லாம் ஒரு பொத்தானுக்குள் அடக்கினால், சிரமத்தோடு சேர்ந்து இந்தக் கட்டுப்பாடுகளும் போய்விடுகின்றன. தொடர்ந்து தடுத்துக்கொண்டே இருப்பவர், எந்த முன்னறிவிப்பும் இன்றி மிக வலுவான அடியைக் கொடுக்க முடியும். எனவே, அந்த அடியின் வலிமையையோ வேகத்தையோ வேறு எங்காவது குறைத்தே ஆக வேண்டும். எப்படிக் குறைப்பது என்பதில்தான் வடிவமைப்பாளரின் திறமை இருக்கிறது. உங்கள் விரல்களின் சிரமம் உண்மையானது; அதை நீக்க வேண்டும் என்ற உங்கள் விருப்பமும் நியாயமானதே.

கேள்வி: பத்தாண்டுகளுக்கு மேலாக இந்த விளையாட்டுகளை ஆடி வருகிறேன். மாடர்ன் முறையில் ஆடுகிறவர்கள் நான் தாவும் ஒவ்வொரு முறையும் ஒரு பொத்தானைத் தட்டி என்னைக் கீழே தள்ளுகிறார்கள். உழைத்துக் கற்றவனுக்கு இது அநீதி இல்லையா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முதலில் அவர்கள் கொடுக்கும் விலையைப் பார்ப்போம். மாடர்ன் முறையில் சிறப்புத் தாக்குதலை ஒற்றைப் பொத்தான் வழியாகச் செய்தால், அதன் சேதம் 20 விழுக்காடு குறைகிறது. மூன்று குத்து, மூன்று உதை என்று உங்களுக்கு இருக்கும் ஆறு சாதாரணத் தாக்குதல் பொத்தான்கள், அவர்களுக்கு மெல்லியது, நடுத்தரம், வலுவானது என்ற மூன்றாகச் சுருங்குகின்றன. அதனால் பல பாத்திரங்களின் பயனுள்ள சில அடிகள் அவர்களிடம் இல்லவே இல்லை. தூரத்தை அளந்து, அதற்கு ஏற்ற அடியைத் தேர்ந்தெடுக்கும் போட்டியில் நீங்கள் முழுப் பையோடு வருகிறீர்கள். அவர்கள் பாதிப் பையோடு வருகிறார்கள்.

ஆனாலும் உங்கள் குறையில் ஓர் உண்மை இருக்கிறது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. இந்த விளையாட்டுகளில் ஒரு நொடி 60 ஃபிரேம்களாகப் பிரிகிறது. ஒரு தாவல் முழுவதும் முடிய ஏறத்தாழ முக்கால் நொடிதான் ஆகும். அதைக் கண்டு மனித மூளை வினையாற்றவே கால் நொடி அளவு போய்விடுகிறது. எஞ்சிய நேரத்தில் நீங்கள் ஸ்டிக்கை மூன்று திசைகளில் தள்ளியாக வேண்டும். அவர் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். இந்த வேறுபாடு எல்லா நிலைகளிலும் ஒரே எடை கொண்டதன்று. உயர்நிலை ஆட்டக்காரர்கள் அந்தச் சில ஃபிரேம்களை ஏற்கெனவே பயிற்சியால் சம்பாதித்திருக்கிறார்கள். தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கோ தாவலைக் கவனிக்கவே தெரியாது. இடைநிலையில் இருப்பவர்களுக்குத்தான் மாடர்ன் முறை கூடுதல் ஆதாயம் தருகிறது. அதே இடைநிலையில், இழந்த அடிகளின் குறையை எதிராளி இன்னும் சரியாகப் பயன்படுத்திக்கொள்வதும் இல்லை. ஆகவே, நீங்கள் உணரும் ஏற்றத்தாழ்வு கற்பனை அல்ல.

இருந்தும், இதை அநீதி என்று சொல்ல என்னால் முடியவில்லை. இதுவரை உங்கள் தாவல்கள் வெற்றி பெற்றதற்கு என்ன காரணம் என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் எதிராளிக்கு நீங்கள் தாவுவது தெரிந்தேயிருக்கும். அவருடைய விரல்கள்தாம் ஒத்துழைத்திருக்காது. அதாவது, நீங்கள் அவருடைய கணிப்பை வெல்லவில்லை, அவருடைய கைத்தடுமாற்றத்தின் மீது பந்தயம் கட்டி வந்திருக்கிறீர்கள். மாடர்ன் முறை அந்தப் பந்தயத்தை உங்களிடமிருந்து பறித்துவிட்டது. தரையில் நின்று அவரைத் தூரத்தால் வெல்லுங்கள். அவரிடம் இல்லாத அடிகள் எவை என்று ஒரு முறை பட்டியல் போட்டுப் பாருங்கள். அவர் ஒரு பொத்தானில் பதில் சொல்லத் தயாராகக் காத்திருக்கிறார் என்றால், வேறு எதையும் அவர் செய்யவில்லை என்று பொருள்.

இன்னொரு வகையான விலையும் இருக்கிறது. 2020இல் ஆர்க் சிஸ்டம் ஒர்க்ஸ் உருவாக்கிய ‘கிரான்ப்ளூ ஃபேண்டஸி வெர்சஸ்’ விளையாட்டில், சிறப்புத் தாக்குதலை ஒரு பொத்தானில் செய்யலாம். ஆனால் அதை மீண்டும் பயன்படுத்தக் காத்திருக்கும் நேரம், முழு அசைவோடு செய்தால் இருப்பதைவிட நீளமானது. சேதத்தைக் குறைப்பதைவிட இந்த வழி எனக்குக் கூடுதலாகப் பிடித்திருக்கிறது. எளிய வழியில் செல்பவரையும், ‘இதை இப்போதே செலவழிக்கலாமா?’ என்று யோசிக்க வைக்கிறது.

கேள்வி: எளிதாக்கும் முயற்சிகள் அண்மைக் காலத்தில்தான் தொடங்கினவா? முன்பு செய்தவை என்ன ஆயின?
– ஆசிரியர், யாழ்ப்பாணம்

பதில்: இல்லை, இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 2002இல் வந்த ‘கேப்காம் வெர்சஸ் எஸ்என்கே 2’ விளையாட்டின் ஈஓ பதிப்பிலேயே, கன்ட்ரோலரின் வலது ஸ்டிக்கை ஒரு திசையில் தள்ளினால் சிறப்புத் தாக்குதல் வரும் முறை இருந்தது. 2015இல் ‘ரைசிங் தண்டர்’, 2019இல் ‘ஃபேண்டஸி ஸ்ட்ரைக்’ ஆகியவை சுழற்றும் அசைவுகளை முற்றாகவே நீக்கிப் பார்த்தன. இவற்றைவிட, எளிதாக்கப் போய்ப் புதிய சிக்கலை உண்டாக்கிய இரண்டு நிகழ்வுகளைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கற்றுக்கொள்ள அவற்றில்தான் நிறைய இருக்கிறது.

முதலாவது, 2008இல் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் IV’. அதில் ஷோர்யுகெனுக்கான அசைவைத் துல்லியமாகச் செய்யத் தேவையில்லை; கீழ்-முன் மூலையை இரண்டு முறை தட்டினாலே போதும் என்று தளர்த்தினார்கள். புதியவர்களுக்கு இது உதவும் என்பதுதான் எண்ணம். நடந்தது வேறு. முன்னோக்கி நடந்துவந்து நெருப்புப் பந்து எறிய விரும்பியவர்களுக்கு, கேட்காமலே ஷோர்யுகென் வந்து நின்றது. வானத்தில் குத்திக்கொண்டு எழும்பி, எதிரியின் முன் திறந்த மார்போடு விழுந்தார்கள். இதில் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் அசைவுகள் இன்னும் படியாத புதியவர்களே. மேலும், கட்டளைகளைத் தளர்த்திய அதே விளையாட்டில், சில காம்போக்களை, அதாவது எதிரி தப்ப முடியாதபடி ஒன்றோடொன்று இணையும் அடிவரிசைகளை, தொடுக்க ஒரே ஒரு ஃபிரேம், அதாவது ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்குதான் இடம் இருந்தது. வாசலை அகலப்படுத்திவிட்டு உள்ளே படிகளைச் செங்குத்தாகவே விட்டுவைத்தார்கள்.

இரண்டாவது, நின்டெண்டோவின் ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்’ வரிசை. அதை உருவாக்கிய மசாஹிரோ சகுராய், ஆர்கேடில் ‘கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 95’ ஆடியபோது எதிரே அமர்ந்திருந்த பழக்கமில்லாத ஒரு இணையரைத் தோற்கடித்து மனம் வருந்தியதாகவும், யாரும் ஆடக்கூடிய சண்டை விளையாட்டு வேண்டும் என்ற எண்ணத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்றும் சொல்லியிருக்கிறார். 1999இல் வந்த முதல் ஸ்மாஷில் சிறப்புத் தாக்குதல் என்பது ஒரு திசையும் ஒரு பொத்தானும் மட்டுமே. அந்த எளிமை மிகப் பெரிய வெற்றி பெற்றது. ஆனால் 2001இல் வந்த ‘மெலீ’யில், ஆட்டக்காரர்கள் தாங்களாகவே ஆழமான நுட்பங்களைக் கண்டெடுத்தார்கள், கைவேகம் இல்லாதவர்கள் மீண்டும் பின்தங்கினார்கள்.

2008இல் ‘பிராவ்ல்’ வந்தபோது அந்த நுட்பங்களில் பல நீக்கப்பட்டன. அதோடு, ஓடத் தொடங்கும் பாத்திரம் சில வேளைகளில் எந்தக் காரணமும் இன்றித் தடுக்கி விழும்படியும் செய்தார்கள். வல்லவருக்கும் எளியவருக்கும் உள்ள இடைவெளியைத் தற்செயல் குறைக்கும் என்று எதிர்பார்த்திருக்கலாம். ஆனால் தடுக்கி விழுந்தவருக்குத் தான் என்ன தவறு செய்தோம் என்று கேட்டால் விடை கிடையாது. புதியவருக்கு அதனால் ஒரு வெற்றி கிடைத்தாலும், அந்த வெற்றியிலிருந்து கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. 2014இல் வந்த அடுத்த பாகத்தில் தடுக்கி விழுவதை நீக்கிவிட்டார்கள். மெலீயை விரும்பியவர்களோ பழைய விளையாட்டிலேயே தங்கிவிட்டார்கள். 2013இல் ‘ஈவோ’ என்ற பெரிய சண்டை விளையாட்டுப் போட்டியில் இடம் நன்கொடை திரட்டலின் வழியாக மெலீக்குத்தான் கிடைத்தது. ஆழத்தை வெட்டி எடுத்தால் பழையவர்கள் விலகிப் போவார்கள் என்பதற்கும், அதன் பயன் புதியவர்களுக்குத் தானாகப் போய்ச் சேராது என்பதற்கும் இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. இணையத்தில் சண்டை விளையாட்டு ஆடித் தோற்றுவிட்டு அழுகிறான். அவன் வயதுக்கு ஏற்ற, எளிய கட்டுப்பாடுகள் உள்ள விளையாட்டை வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடுமா?
– வாசகி, சேலம்

பதில்: கட்டுப்பாடுகளை எளிதாக்குவதால் மட்டும் சரியாகாது, அம்மா. இதை விளக்க ஒரு விளையாட்டைச் சொல்கிறேன். 2013இல் வந்த ‘டைவ்கிக்’கில் மொத்தம் இரண்டே பொத்தான்கள்தாம்: ஒன்று தாவுவதற்கு, மற்றொன்று உதைப்பதற்கு. திசைக் கட்டுப்பாடே கிடையாது. ஓர் உதை பட்டால் அந்தச் சுற்று முடிந்தது. இதைவிட எளிதான கட்டுப்பாட்டை யாரும் உருவாக்க முடியாது. அப்படியிருந்தும், அனுபவம் உள்ள ஒருவர் புதியவரைத் தொடர்ந்து தோற்கடிக்க முடியும். எப்போது தாவுவது, எவ்வளவு தூரத்தில் நிற்பது, எதிராளி பொறுமை இழப்பாரா என்பவற்றை அவர் அறிந்திருக்கிறார். தோல்வியின் வேர் விரல்களில் மட்டும் இல்லை.

தோற்றவர் மனத்தைத் தேற்றிக்கொள்ளும் மூன்று சமாதானங்களில் எதுவும் உங்கள் மகனுக்குத் துணைக்கு வருவதில்லை: குழு விளையாட்டில் பழியைப் பகிர்ந்துகொள்ளலாம், சீட்டாட்டத்தில் அதிர்ஷ்டத்தைச் சொல்லலாம், தனியாக ஆடும் கதை விளையாட்டில் மறுபடியும் அதே கட்டத்தை முயன்று கடக்கலாம். ஒற்றைக்கு ஒற்றைச் சண்டையில் இவை எதுவும் இல்லை. ஆகவே, அவனுக்கு முதலில் வேண்டியது அவனைப் போலவே தவறு செய்கிற எதிராளிகள். அது விளையாட்டின் கட்டுப்பாட்டைவிட, எத்தனை பேர் அதை ஆடுகிறார்கள் என்பதையும், இணைய இணைப்பு எப்படி இருக்கிறது என்பதையும் பொறுத்தது. ஆடுவோர் குறைவாக உள்ள பழைய விளையாட்டில், மிஞ்சியிருப்பவர்கள் எல்லாரும் வல்லவர்களாகவே இருப்பார்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், கணினி ஆகிய மூன்றிலும் ஆடுவோரை ஒருவரோடொருவர் மோதவிடுகிறது. ரூக்கி, அயர்ன், பிரான்ஸ் என்று தொடங்கி மாஸ்டர் வரை தரநிலைகளும் உண்டு. இதனால் தொடக்கநிலையில் இருப்பவருக்குத் தொடக்கநிலை எதிராளியே கிடைக்கும் வாய்ப்பு அதிகம். தொலைவில் இருப்பவரோடு ஆடும்போது தாமதத்தை மறைக்கும் ‘ரோல்பேக்’ என்ற நுட்பம் இருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள். 2006 முதலே புழக்கத்தில் உள்ள இந்த நுட்பம், பெரிய நிறுவனங்களின் விளையாட்டுகளில் பரவுவதற்கு வெகுகாலம் பிடித்தது; புதியவர்களுக்கு அது செய்த நன்மை எந்த எளிய பொத்தானும் செய்யாதது என்றே நான் நினைக்கிறேன்.

இயன்றால், வாரத்தில் ஒரு மாலை நீங்களும் அவனோடு ஆடுங்கள்.

கேள்வி: எளிய கட்டுப்பாடு புதியவர்களுக்கு மட்டும்தான் பயன்படுமா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: இல்லை. மூட்டுவலி உள்ளவர்கள், ஒரு கையால் மட்டும் ஆட முடிந்தவர்கள், விரல்களை வேகமாக அசைக்க இயலாதவர்கள் ஆகியோருக்கு அது ஆடுவதற்கும் ஆடாமல் இருப்பதற்கும் உள்ள வேறுபாடு. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6இல், எதிரி எவ்வளவு தொலைவில் இருக்கிறார் என்பதை ஒலியால் அறிவிக்கும் வசதியும் இருக்கிறது. பார்வையற்ற ஆட்டக்காரர்கள் அதன் துணையோடு ஆடுகிறார்கள். மாடர்ன் முறையை இகழ்ந்து பேசுகிறவர்கள் இவர்களை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: நண்பர்களோடு சேர்ந்து ஒரு சிறு சண்டை விளையாட்டை உருவாக்கி வருகிறோம். புதியவர்களை ஈர்க்க எதை எளிதாக்கலாம், எதைத் தொடக்கூடாது?
– பொறியியல் மாணவர், சென்னை

பதில்: தானியங்கிக் காம்போவிலிருந்து தொடங்குகிறேன், எல்லாரும் முதலில் அதைத்தான் சேர்க்க நினைப்பார்கள். ஒரே பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் அழகான அடிவரிசை வந்துகொண்டே இருக்கும். 2018இல் வந்த ‘டிராகன் பால் ஃபைட்டர்ஸ்’ இதைப் பெரிய அளவில் பயன்படுத்தியது. முதல் நாளிலேயே திரையில் மின்னலும் வெடிப்பும் கிடைப்பதால் புதியவருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அவருடைய முதல் அடி எதிரியைத் தொட்டதா, தடுக்கப்பட்டதா என்று அவர் கவனிக்கப் பழகுவதே இல்லை. தடுக்கப்பட்ட பிறகும் தட்டிக்கொண்டே இருப்பார். வரிசை முடிந்ததும் எதிரி அவரைத் தண்டிப்பார். ஏன் அடிபட்டோம் என்று அவருக்குப் புரியாது. தானியங்கிக் காம்போவைச் சேர்ப்பதானால், அடி தடுக்கப்பட்டால் வரிசை தானாக நின்றுவிடும்படி செய்யுங்கள். அதனால் ஒரு பாதுகாப்பும் கிடைக்கும், கவனிக்க வேண்டியது எது என்ற பாடமும் கிடைக்கும்.

தோற்றுக்கொண்டிருப்பவருக்குக் கூடுதல் வலிமை கொடுக்கும் ஏற்பாடுகளில் எச்சரிக்கையாக இருங்கள். ‘டெக்கன் 6’இல் உயிர்க்கோடு குறைந்ததும் அடியின் சேதம் கூடியது, 2011இல் வந்த ‘மார்வெல் வெர்சஸ் கேப்காம் 3’இல், குழுவில் மிஞ்சியிருப்பவர் ஒருவரே என்றால் அவருக்கு ‘எக்ஸ்-ஃபேக்டர்’ மிகப் பெரிய வலிமையைத் தந்தது. இவை புதியவருக்காக வைக்கப்பட்டவை போலத் தோன்றினாலும், அந்த வலிமையைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிந்தவர் வல்லவரே. புதியவர் அதைப் பெற்ற அடுத்த நொடியே வீணாக்கிவிடுவார். வல்லவரோ அதை வைத்து வென்றுவிடுவார்.

சேதத்தைக் கூட்டிச் சுற்றுகளைக் குறுகியதாக்குவதும் ஒரு வழி. 2021இல் ‘கில்டி கியர் ஸ்ட்ரைவ்’ அதைச் செய்தது. சில அடிகளிலேயே சுற்று முடிவதால், புதியவருக்கும் சிற்சில வெற்றிகள் வாய்க்கும். நீளமான காம்போவில் மாட்டிக்கொண்டு கைகட்டி வேடிக்கை பார்க்கும் நேரமும் குறையும். அந்த வரிசையின் பழைய விளையாட்டுகளில் அடிகளை இணைத்துச் செல்லும் சுதந்திரம் மிகுதியாக இருந்தது, அதைச் சுருக்கியதைப் பழைய ஆட்டக்காரர்கள் பலர் மன்னிக்கவில்லை. எனக்கும் அந்தச் சுதந்திரம் போனதில் வருத்தம் உண்டு. ஆனால், அந்த விளையாட்டைத் தொடங்கிப் பார்த்தவர்களின் எண்ணிக்கையைக் கண்டபோது, அந்த விலை கொடுக்கத் தக்கதே என்று தோன்றியது.

தொடக்கூடாதது எது என்று கேட்டீர்கள். ஒவ்வொரு வலுவான செயலுக்கும் எதிராளியால் கண்டு பயன்படுத்திக்கொள்ளக்கூடிய ஒரு பலவீனம் இருக்க வேண்டும். அசைவை எளிதாக்கினால், அந்தப் பலவீனத்தை வேறோர் இடத்துக்கு மாற்றுங்கள்; அடிக்கு முந்தைய தயாரிப்பு நேரத்திலோ, பிந்தைய தடுமாற்றத்திலோ, காத்திருக்கும் நேரத்திலோ வையுங்கள். மறைத்துவிடாதீர்கள். சுற்று முடிந்ததும், கடைசி அடி ஏன் பட்டது என்பதை ஒரே வரியில் திரையில் காட்டுங்கள்: ‘நீங்கள் தாவினீர்கள்’, ‘தாழ்வான அடியை நின்று தடுத்தீர்கள்’. இதைச் செய்யும் விளையாட்டுகள் மிகக் குறைவு. செய்தால் உங்கள் ஆட்டத்தைப் புதியவர்கள் இரண்டாம் நாளும் திறப்பார்கள்.

கேள்வி: புதிதாகத் தொடங்குகிறேன். மாடர்னில் தொடங்கினால் பிறகு கிளாசிக்குக்கு மாறுவது கடினமாகிவிடும் என்கிறார்களே?
– வாசகி, மதுரை

பதில்: மாடர்னில் தொடங்குங்கள். அந்த முறையிலேயே பல சிறப்புத் தாக்குதல்களைப் பழைய அசைவோடும் செய்யலாம். அப்படிச் செய்தால் 20 விழுக்காட்டுக் குறைப்பு இல்லாமல் முழுச் சேதம் கிடைக்கும். எனவே, முதல் சில வாரங்கள் தூரத்தையும் தடுப்பையும் மட்டும் கவனியுங்கள். பிறகு, பதற்றம் இல்லாத தருணங்களில் நெருப்புப் பந்தை மட்டும் அசைவோடு எறிந்து பழகுங்கள். அது கைக்கு வந்தபின் ஷோர்யுகெனுக்குப் போகலாம். உங்களுக்குப் பிடித்த பாத்திரத்தின் ஏதோ ஓர் அடி மாடர்னில் இல்லையே என்று ஆட்டத்தின் நடுவே நீங்களாகவே தேடும் நாளில் கிளாசிக்குக்கு மாறுங்கள். அதற்கு முன் மாற வேண்டிய அவசியம் இல்லை.